ஆளுக்கொரு ஊசி

1. நான்கு பஞ்சுகள்

காலை ஏழு நாற்பது. கேஷுவால்டி கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வலது கை. மூன்றாம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்தது. முழங்கை மடிப்பில் ஒன்று, முன்கையில் ஒன்று, புறங்கையில் இரண்டு என நான்கு பஞ்சு உருண்டைகள் பிளாஸ்திரி போட்டு ஒட்டப்பட்டிருந்தன. நான்கும் நனைந்து சிவந்திருந்தன. புறங்கையிலிருந்து ரத்தம் விரல் வழியாக இறங்கித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் சலைன் பாட்டில் தொங்கியது. அதன் டியூப் எந்தக் கையிலும் இணைக்கப்படவில்லை.

மேலூர் ரோட்டில், ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நான் அப்போது கேஷுவால்டியின், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவின், இன்சார்ஜ் சிஸ்டர். எனக்கு எட்டு மணிக்குத்தான் டியூட்டி. கைப்பையைக்கூட வைக்காமல் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன்.

பெயர் பஞ்சவர்ணம். வயது நாற்பத்திரண்டு. மேலூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். விடியற்காலையில் சொந்தத் தோட்டத்தில் மல்லிகை மொட்டு பறித்துக்கொண்டிருந்தபோது இடது கணுக்காலில் பாம்பு கடித்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதம் வீங்கிப் பளபளத்தது. கட்டிலை ஒட்டி நின்ற மெலிந்த மனிதர் அவருடைய கணவர் அழகர்சாமி.

"எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்று கேட்டேன்.

"அஞ்சரை இருக்கும் சிஸ்டர். கண்ணாடி விரியன். டார்ச்சு அடிச்சுப் பாத்தேன்."

"ஏழு பத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பக்கத்து ஊர்தானே?"

"பூ வண்டி கிளம்பி நின்னுச்சு. அதுலதான் ஏத்துனேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல மூட்டைய இறக்கிப்புட்டு, அங்கன இருந்து ஆட்டோ பிடிச்சு வந்தோம்."

"அந்த வண்டி இந்த வாசலைத் தாண்டித்தானே மாட்டுத்தாவணிக்குப் போயிருக்கும்?"

"ஆமா. தாண்டித்தான் போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வெயில் ஏறுனா மொட்டு விரிஞ்சுரும்ல சிஸ்டர்."

பூ வண்டிக்காரரைத் திட்டுவதற்கு எங்களுக்கு யோக்கியதை இல்லை என்பது அடுத்த இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

காலை ஷிப்டில் இருந்தவள் ரிஸ்வானா. நான்கு வருட அனுபவம், நல்ல கை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு நான்கு பஞ்சுக்கும் கணக்குக் கேட்டேன்.

"மொத ரெண்டும் நான்தான்க்கா. பச்சைக் கேனுலா. ரெண்டு தடவையும் நரம்பு உடைஞ்சிருச்சு. மூணாவது லேப்காரர். நாலாவது நம்ம டாக்டர், கண்ணாடிக் குழாய் டெஸ்டுக்கு."

"டி.டி.?"

"அது வந்தவொடனே போட்டாச்சுக்கா. இடுப்புல."

ஆக ஐந்து. அரை மணி நேரத்தில் மூன்று பேர், ஐந்து ஊசி. இதில் மருந்து ஏற்றுவதற்கான கேனுலா, அதாவது நரம்பில் விட்டு வைக்கும் ஊசிக்குழாய், ஒன்றுகூட நிற்கவில்லை.

2. எங்கள் வழக்கம்

வெளி ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விரியன் பாம்பின் விஷம் ரத்தத்தை உறைய விடாது. நல்ல ஆளின் கையில் ஊசி குத்தினால் ஒரு நிமிடம் பஞ்சால் அழுத்தினால் போதும். விரியன் கடித்தவரின் கையில் ஒவ்வொரு துளையும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அவருக்குத் துளைகளை எண்ணித்தான் போட வேண்டும். சதையில் போடும் ஊசியை, ரத்தம் உறையத் தொடங்கும்வரை தள்ளி வைக்க வேண்டும். டி.டி. என்ற தனுர்வாத ஊசி சதையில் போடுவதுதான். இந்த விதி எங்கள் கேஷுவால்டி சுவரில் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவள் நான்தான். அதன்மேல் யாரோ டியூட்டி லிஸ்டை ஒட்டியிருந்தார்கள்.

கண்ணாடிக் குழாய் டெஸ்ட் மிக எளிமையானது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் ஏ.எஸ்.வி., அதாவது விஷமுறிவு மருந்து, ஏற்ற வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே டெஸ்ட். பஞ்சவர்ணத்தின் ரத்தம் ஓடியது.

லேப் எடுத்த ரத்தத்திலேயே இரண்டு மில்லியைக் குழாயில் விட்டிருக்கலாம். கேனுலா போடும்போதே இரண்டுக்கும் சேர்த்து எடுத்திருக்கலாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படி நடக்காது. லேபுக்கு லேப் ஆள் எடுத்த ரத்தம்தான் ரத்தம். டாக்டருக்கு அவரே எடுத்தால்தான் நம்பிக்கை. நர்ஸ் எடுத்துக் கொடுத்தால் "கலங்கிருச்சு" என்று திருப்பி அனுப்புவார்கள். சமையலறைக்குள் ஆளுக்கொரு கத்தியோடு வருவது போல, ஆளுக்கொரு ஊசியோடு ஒரே கட்டிலுக்கு வருவார்கள். யாருக்கும் அது தவறாகத் தெரியாது. ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

கேனுலாவிலும் ஒரு வழக்கம் உண்டு. கேஷுவால்டி என்றால் பச்சை. பதினெட்டாம் நம்பர். விபத்தில் ரத்தம் போகிறவருக்கு அது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியான முன்கையில் அதைவிடச் சிறிய பிங்க் போதும், மருந்து ஒழுங்காகவே இறங்கும். இதை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "பிங்க் போட்டா வார்டுல கேப்பாங்கக்கா, கேஷுவால்டில நரம்பு கெடைக்கலையான்னு" என்பார்கள். கௌரவம் கேனுலாவின் நிறத்தில் இருந்தது.

3. பாம்பு ஒரு தடவைதான்

டியூட்டி டாக்டர் இளங்கோ சின்ன வயது. கெட்டவர் இல்லை, பொறுமை கொஞ்சம் குறைவு. அடுத்த பச்சைக் கேனுலாவைப் பிரித்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். பஞ்சவர்ணம் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டார்.

"கையக் குடுங்கம்மா. நேரம் போகுது."

"போதும் சாமி. எறும்பு கடிச்சாப்ல இருக்கும், எறும்பு கடிச்சாப்ல இருக்கும்னே அஞ்சு குத்துக் குத்திட்டீக. நான் போறேன்."

"ஏம்மா, பாம்பு கடிச்சதையே தாங்கிட்டீங்க. இந்த ஊசிக்குப் போயி அழுகுறீங்களே."

"பாம்பு ஒரு தடவைதான கடிச்சுச்சு?"

ரிஸ்வானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கணவரிடம் திரும்பி, "ஏ.எஸ்.வி. ஏத்தலைன்னா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். மூளையில கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. சொல்லி வைங்க" என்றார்.

அழகர்சாமி மனைவியைப் பார்த்தார். "ஏ புள்ள, டாக்டர் சொல்றாருல்ல."

"அழகர்கோயில் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு. எங்க சின்னம்மாவுக்கு அவருதான் பாத்தாரு. பச்சிலைதான். ஊசியே கெடையாது. என்னைய அங்க கொண்டு போங்க."

அவர் மிரட்டலுக்குச் சொல்லவில்லை. காலைத் தொங்கப்போட்டு இறங்கப் பார்த்தார். அந்தக் கட்டிலை விட்டு இறங்கி, ஓடும் ரத்தத்தோடு ஒரு பச்சிலைக்காரரிடம் போனால் என்ன ஆகும் என்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை.

டாக்டரிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். மணியைப் பார்த்துவிட்டு, "அஞ்சுதான் சிஸ்டர்" என்றார்.

எறும்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொன்னேன்.

"சின்ன ஊசி ஒண்ணு போடுவேன். சர்க்கரைக்காரங்க போட்டுக்குவாங்கள்ல, அம்புட்டுத்தான் இருக்கும். அது எரியும். பத்து எண்ணுறதுக்குள்ள நின்னுரும். அந்த இடம் மரத்துப்போகும். அதுக்கப்புறம் பெரிய ஊசி. அழுத்துற மாதிரி இருக்கும், வலி தெரியாது."

"தெரிஞ்சுச்சுன்னா?"

"எந்திரிச்சுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"அதோட முடிஞ்சுதா?"

இந்தக் கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். "முடிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க கையில யாரும் குத்த மாட்டாங்க. ரத்தம் வேணும்னா அந்த ஊசி வழியாவே எடுப்போம்" என்றேன்.

இடது கையைக் கொடுத்தார்.

4. தையல் ஒன்று

மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் அந்தக் கட்டிலிலிருந்து மூன்றடி தூரத்தில், தையல் டிராலியில் இருந்தது. கண்ணாடி கிழித்து வருகிறவருக்குத் தையல் போடும் முன் அந்த மருந்தைப் போடாமல் எந்த டாக்டரும் ஊசி நூலைத் தொடமாட்டார். அதே டாக்டரிடம், கேனுலாவுக்கு முன் ஒரு சொட்டுப் போடலாமா என்று கேட்டால், "ஊசிக்கு ஊசியா சிஸ்டர்?" என்று சிரிப்பார். நான் கேட்ட ஒவ்வொரு டாக்டரும் இதே நகைச்சுவையைத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லியிருக்கிறார். இளங்கோ மட்டும் அன்று சொல்லவில்லை. "போடுங்க" என்றார். வாயால்தான். எழுதவில்லை.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முன்கையில் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டேன். இரண்டு நிமிடத்தில் நரம்பு எழும்பி வந்தது. தட்டவில்லை. எங்கள் ஆட்கள் நரம்பு தேடுகிறேன் என்று நோயாளியின் கையில் சப்பாத்தி மாவு தட்டுவார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயும்வரை காத்திருந்தேன். ஈர ஸ்பிரிட்டோடு குத்தினால் அதன் எரிச்சலே பாதி வலி. அரை நிமிடம் காத்திருக்க முடியாதவர்கள் ஐந்து முறை குத்துவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். முன்பு மரப்பு ஊசி போட்டு ஒவ்வாமை வந்ததுண்டா என்று கேட்டேன். பல் பிடுங்கியபோது போட்டதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து, தோலுக்கடியில் கொசு கடித்த தடிப்பு அளவுக்கு ஏற்றினேன். "எரியுது" என்றார். எண்ணச் சொன்னேன். ஏழில் நிறுத்தினார். ஒரு நிமிடம் விட்டு, பிங்க் கேனுலாவைப் போட்டேன்.

"போடுங்க" என்றார் பஞ்சவர்ணம், கண்ணை இறுக மூடியபடி.

"போட்டாச்சு."

கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். "இந்தக் கூத்த மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல தாயி?"

நியாயமான கேள்வி. ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் டேப்பை ஒட்டினேன்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஏ.எஸ்.வி. தொடங்கியது. அதன் பிறகுதான் காலில் இருந்த துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஒன்பதேகாலுக்கு மருந்து முழுவதும் இறங்கிவிட்டது.

இதற்கிடையில் ரிஸ்வானா கம்ப்யூட்டரில் லிக்னோகெய்னைப் பதிய வேண்டியிருந்தது. எங்கள் மென்பொருளில் அந்த மருந்தை எடுத்தால், எதற்கு எடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் திறக்கும். தையல், கட்டி கீறுதல், நகம் எடுத்தல் என்று போகும். அதில் கேனுலா கிடையாது. எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அதைச் சேர்க்கச் சொல்லி நான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு மருந்தகத்தைக் கேட்கச் சொன்னது. மருந்தகம் மேட்ரனைக் கேட்கச் சொன்னது. மேட்ரன், டாக்டர்கள் கூட்டத்தில் வைக்கச் சொன்னார். டாக்டர்கள் கூட்டத்தில் யாரோ "ஊசிக்கு ஊசியா?" என்று கேட்டிருப்பார்கள்.

ஆகவே எல்லோரும் செய்வதை ரிஸ்வானாவும் செய்தாள். "தையல்: 1" என்று பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். நானும் அதைக் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இது என் தவறு என்பதை எழுதி வைக்கிறேன்.

5. மேட்ரன் அறை

பிற்பகல் ஒன்று நாற்பத்தைந்துக்கு மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். அறையில் பெரிய டாக்டர், அதாவது பொது மருத்துவத் தலைவர், நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிரின்ட் அவுட்.

"பாம்புக்கடியைத் தைச்சிருக்கீங்களா சிஸ்டர்? கடிவாயைக் கீறக்கூடாது, தைக்கக்கூடாதுன்னு நான் எத்தனை கிளாஸ் எடுத்திருப்பேன்?"

"தைக்கலை சார். கேனுலாவுக்கு மரப்பு ஊசி போட்டது. லிஸ்ட்ல கேனுலா இல்லை."

"இல்லாட்டி தையல்னு போடுவீங்களா?"

"அது இல்லாம கம்ப்யூட்டர் விடாது சார்."

மேட்ரன் வேறொரு நூலைப் பிடித்தார். "அது கெடக்கட்டும். நர்ஸ் லிக்னோகெய்ன் போட ஆர்டர் எங்க? எழுத்துல காட்டுங்க."

"டாக்டர் வாயால சொன்னார் மேடம்."

"வாயால சொன்னத ஃபைல்ல வைக்க முடியுமா?"

பெரிய டாக்டர் இடையில் கேட்டார். "அது சரி, ஊசிக்கு எதுக்கு ஊசி?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி. இரண்டு பத்துக்குப் பஞ்சவர்ணத்தின் அடுத்த ரத்தம் எடுக்க வேண்டும். கேனுலாவில்தான் எடுக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, அடிக்கோடிட்டு, ரிஸ்வானாவிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். எந்த ஆஸ்பத்திரியிலும் இரண்டிலிருந்து இரண்டரை வரை நோயாளிக்குச் சொந்தக்காரர் கிடையாது. காலை ஆட்கள் ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள், மதிய ஆட்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

"மேடம், ஒரு பிளட் எடுக்கணும். போயிட்டு வந்துர்றேன்."

"இதை முடிச்சுட்டுப் போங்க. லேப் ஆளு எடுத்துக்குவாரு."

முடிக்க இரண்டு இருபத்தைந்து ஆனது. விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே வந்தபோது மூன்றாம் கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. ரிஸ்வானா வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா, லேப்காரர் வந்து வலது கையில குத்திட்டாரு. நான் ஒப்படைச்சிட்டு இருந்தேன். கேனுலாவுல எடுத்தா லேப்ல வாங்க மாட்டோம்னு சொல்லிக் குத்திருக்காரு. அந்தம்மா கையை உதறிட்டு எந்திரிச்சிருச்சு. ரத்தமும் எடுக்கல. கேனுலாவோட போயிருச்சுக்கா. ரோட்டுல நிக்குறாக. நான் கூப்பிட்டேன், வரமாட்டேங்குது."

6. ஷேர் ஆட்டோ

மேலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் புறப்படாது. வாசலில் நின்ற ஆட்டோவில் நான்கு பேர் இருந்தார்கள். ஓட்டுநர் இன்னும் இரண்டு பேருக்காகக் கூவிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேர் கிடைத்திருந்தால் நான் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

பஞ்சவர்ணம் பின் சீட்டில், வீங்கிய காலைக் கணவர் மடியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கையில் நான் போட்ட கேனுலா. வலது முழங்கை மடிப்பில் புதிதாக ஒரு பஞ்சு. அதைச் சுற்றித் தோல் கன்றிக் கறுத்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்றேன் ஓட்டுநரிடம்.

"நான் கூப்பிடல சிஸ்டர். அவுகளாத்தான் ஏறுனாக" என்றார் அவர் உடனே.

முன் சீட்டில் இருந்த வேட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஊசிக்குப் பயந்து ஓடியாந்துருச்சாக்கும்? ஏத்தா, போயிப் படுத்தா."

"நீரு போயி நாலு குத்து வாங்கிட்டு வாரும். அப்புறம் பேசுவோம்" என்றார் பஞ்சவர்ணம். வேட்டிக்காரர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் நான் சொல்ல நினைத்திருந்தது வேறு. உயிர், மூளை, ரத்தக் கசிவு, பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கேஷுவால்டியில் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். அந்தக் கையைப் பார்த்தபிறகு அது வாயில் வரவில்லை.

"யாரும் குத்த மாட்டாங்கன்னு சொன்னேன். குத்திட்டாங்க. தப்பு என்னோடது" என்றேன்.

அழகர்சாமிதான் பேசினார். "சிஸ்டர், நீங்க சொன்னதைத்தான் அந்தப் பையன்கிட்டயும் சொன்னா. 'அந்த சிஸ்டர் இதுலதான் எடுப்பேன்னாங்க'ன்னு. அவரு, 'சிஸ்டரா ரிப்போர்ட் குடுக்கும்?'னு கேட்டுட்டுக் குத்திட்டாரு."

"இப்ப இந்த இடது கையிலதான் எடுக்கப் போறேன். இந்தக் கேனுலா வழியா. நான் எடுப்பேன், நானே குழாயில ஊத்துவேன். உங்க கண்ணு முன்னாலயே இருக்கும்."

பஞ்சவர்ணம் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீகன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு."

"நாலு மணிக்கு. இன்னிக்குப் போகல."

"மறுக்கா எப்ப எடுப்பீக?"

"ராத்திரி ஒன்பதுக்கு மேல."

"அப்ப?"

"அப்பவும் இருப்பேன்."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அண்ணே, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்று அழகர்சாமியிடம் சொல்லி, பஞ்சவர்ணத்தை இறக்கக் கை கொடுத்தார். வேட்டிக்காரர் காலை ஒதுக்கி வழி விட்டார்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு ரத்தம் எடுத்தேன். சலைனை நிறுத்தி, இரண்டு நிமிடம் விட்டு, முதலில் வந்த ஐந்து மில்லியைக் கொட்டிவிட்டு, அடுத்து வந்ததில் இரண்டு மில்லியைக் கண்ணாடிக் குழாயில் விட்டேன். மீதியை லேபுக்கு அனுப்பினேன். குழாயை அவர் தலைமாட்டு மேசையில் நிறுத்தினோம். அழகர்சாமி போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்தார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்ததும் சாய்த்தேன். ஓடியது.

இரண்டாவது தடவை ஏ.எஸ்.வி. ஏற்றினோம். அதே கேனுலாவில்.

லேப்காரர் மூன்று மணிக்கு வந்து, கேனுலாவில் எடுத்த மாதிரியை வாங்க முடியாது என்றார். பெரிய டாக்டரிடம் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. லேப்காரர் மாதிரியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "அப்ப இனிமே எல்லாத்தையும் நீங்களே எடுத்துருங்க சிஸ்டர்" என்றார். சரி என்றேன்.

ஒன்பதேகாலுக்கு எடுத்த ரத்தம் ஒன்பது முப்பத்தைந்துக்குச் சாய்த்தபோது குழாயின் அடியில் கட்டியாக நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தேன், விழவில்லை. "நின்னுருச்சா?" என்று கேட்டார் பஞ்சவர்ணம். நின்றுவிட்டது என்றேன். "அப்ப நீங்க போயிச் சாப்பிடுங்க" என்றார்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

நான் இதை எழுதுவது ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்ய அல்ல. நெஞ்சுவலியில் துடிக்கிறவருக்கும் மூச்சு நின்றுகொண்டிருக்கிறவருக்கும் மரப்பு மருந்து போட்டுக் காத்திருக்க முடியாது, கூடாது. அப்படிப்பட்ட நிமிடங்கள் உண்டு. ஆனால் எங்கள் கேஷுவால்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. அதை நாம்தான் எடுத்துக்கொள்வதில்லை.

குத்துவதற்கு முன் இன்று இந்த ஆளிடமிருந்து யார் யாருக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு முறை கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே துளையில் எடுங்கள். கையைச் சூடாக்குங்கள், தட்டாதீர்கள். ஸ்பிரிட் காயட்டும். இரண்டு முறை தவறினால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள், அதில் அவமானம் இல்லை. எறும்பு என்று பொய் சொல்லாதீர்கள். முதல் ஊசியோடு அந்தப் பொய் தெரிந்துவிடும், இரண்டாவது ஊசிக்கு உங்களை நம்ப மாட்டார்கள். முக்கியமாக, உங்கள் ஷிப்ட் முடிந்த பிறகும் காப்பாற்ற முடிகிற வாக்கை மட்டும் கொடுங்கள். மூன்றாம் கட்டிலில் நான் கற்றது இந்தக் கடைசி ஒன்றைத்தான். மற்றவை எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அவை அங்கே நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் பட்டியலில் கேனுலா சேர்க்கப்பட்டதா என்று கேட்பீர்கள். ஐந்து மாதம் கழித்துச் சேர்த்தார்கள். கூடவே, ஊசிக்குப் பிறகு வலி எவ்வளவு என்று கேட்டு நிரப்ப ஒரு புதிய படிவமும் வந்தது. முகப் படங்களோடு, ஒரு பக்கம். முதல் வாரம் கேட்டு நிரப்பினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஷிப்ட் தொடங்கும்போதே எல்லாக் கட்டிலுக்கும் "2" என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். இன்னும் ஆள் வராத கட்டிலுக்கும் சேர்த்து.

பஞ்சவர்ணம் நான்காம் நாள் காலை வீட்டுக்குப் போனார். கேஸ் ஷீட்டை ரெக்கார்டு அறைக்கு அனுப்பும் முன் பக்கம் பக்கமாகப் பார்ப்பது இன்சார்ஜ் சிஸ்டரின் வேலை. முதல் நாள் தாளில், பிற்பகல் 2.10 என்ற நேரத்துக்கு எதிரே, லேப் முத்திரைக்கு மேலே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தது: "நோயாளி ஒத்துழைக்கவில்லை."